பின் அட்டை இல்லாத ஐந்தாம் பாகம்

மீனா,

போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் எடுத்தால் நீ "சாப்பிட்டீங்களா?" என்பாய், நான் "ம், ஆச்சு" என்பேன், உடனே "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். ஆறு வருடமாக நமக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தோரு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து வந்து போக வேண்டியிருக்கிறது. எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவாய் என்று பயம். அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். பரண்மேல் கிடந்ததை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கும்போது அடி பிய்ந்து புத்தகங்கள் கொட்டின. உன் துப்பறியும் புத்தகங்கள், ஐந்து பாகமும். "சார், இதுங்கள பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுறலாமா?" என்று மேலேயிருந்து கேட்டார். ஒரு காலத்தில் நானே போடத்தான் இருந்தேன், ஏனோ மனம் வராமல் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றினேன். இற்றுப்போயிருந்த கயிற்றை உதறிவிட்டு ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்தேன். அதற்குப் பின் அட்டை கிடையாது. உள்ளே தடிப்பாக எதையோ செருகியிருந்ததால் அது தானாக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்துகொண்டது. அங்கே ஒரு அட்டைத் துண்டு இருந்தது. எட்டாக மடித்தது, கிரீஸ் ஊறியது, ஒரு ஓரத்தில் பிறை மாதிரி அழுந்திய தடம். அதன்மேல் பென்சிலால் உன் கையெழுத்து: "அப்பா சட்டை, இடது பை, செவ்வாய்க்கிழமை." நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையடிப்பவர் பயந்துபோய் ஏணியிலிருந்து இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் துண்டு என்ன என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுகிறேனே, அதுவும் முழு உண்மை இல்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ என்று ஆறு வருடமாக ஒரு மூலையில் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த மூலைக்கு நான் போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதிகளும் இதில் வரும். பொறுத்துக்கொள். என் வாயால் நீ கேட்டதில்லை.

நீ ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம் அது. பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் எங்கள் ஃபேக்டரி டூல் ரூம் மஞ்சுநாத், அங்கே நடைபாதைக் கடையில் கிடைத்தது என்று உனக்காக ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கொடுத்தான். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். சந்தேகமாகச் செத்துப்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஒரு கோர்ட்டு, அதில் ஒரு குமாஸ்தா. போலீஸ்காரன் இல்லை, பணக்காரத் துரை இல்லை, துப்பாக்கி கிடையாது. மையும் பேனாவும்தான். அவன்தான் துப்புத் துலக்குவான். இரண்டே நாளில் முடித்துவிட்டு, "அப்பா, இது மொத பாகமாம், இன்னும் நெறைய இருக்காம், அந்த அங்கிள்கிட்ட சொல்லி வைங்கப்பா" என்று பறந்தாய். மஞ்சுநாத்தும் சளைக்காமல் தேடித்தேடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது. நான் படித்ததெல்லாம் அருப்புக்கோட்டையில் தமிழ் மீடியம், பிறகு மெக்கானிக்கல் டிப்ளமா. மெஷினோடு வரும் மேனுவல் தவிர வேறு இங்கிலீஷ் படித்தவனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன், நீ படிக்கட்டில் உட்கார்ந்து கதையைச் சொல்வாய். பனியும் நிலக்கரிப் புகையும் ஒன்றாகக் கலந்து எதிரே வரும் ஆள் முகம் தெரியாத தெரு என்பாய். மார்கழியில் எங்கள் ஃபேக்டரி இருக்கும் சிப்காட் பக்கம் வந்து பார், லண்டன் தோற்றுவிடும் என்பேன். நூல் ஆலையில் கை போனவர்கள், தீப்பெட்டி ஆலையில் தாடை அழுகியவர்கள் எல்லாம் அந்தக் கதைகளில் வருவார்கள். "உங்க ஃபேக்டரி மாதிரியே இருக்குப்பா" என்று ஒருநாள் சொன்னாய். அது நூற்றிருபது வருஷத்துக்கு முந்தின கதை, இப்போது அதெல்லாம் நடக்காது என்று சிரித்தேன்.

பாதிக் கதையில் நிறுத்தி "யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பாய். நானும் மூளையைக் கசக்கி ஒரு ஆளைச் சொல்வேன். வண்டிக்காரன், சமையல்காரி, கரி சுமப்பவன். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. "நீங்க எப்பவுமே வேலக்காரனத்தான் புடிக்கறீங்கப்பா" என்று கேலி செய்வாய். அந்தக் குமாஸ்தாவுக்கு இரண்டு வழக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறாய். கிடைக்கிற ஒவ்வொரு பொருளிலும் எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது என்று சீட்டு எழுதி ஒட்டுவான். இன்னொன்று, எழுதப் படிக்கத் தெரியாத சாட்சிகள் பெருக்கல் குறி போடுவதற்கு முன்னால் அவர்கள் வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்துக் காட்டுவான். மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும் ஒரு வரி விடமாட்டான். அவன் அம்மா வாசிக்கத் தெரியாமல் எதிலோ குறி போட்டு வீட்டை இழந்தவள் என்று காரணமும் சொன்னாய். நல்ல குமாஸ்தா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சக்கரத்தைத் துடைத்தேன்.

இனி முனிராஜ். உனக்கு அவன் "புதினா அண்ணன்". பேரிகை பக்கத்து ஆள். நான் சூப்பர்வைசராக இருந்த லைனில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவான். படித்தது தெலுங்கு மீடியத்தில் எட்டாவது வரை. தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. வாரத்தில் ஒருநாள் தன் தோட்டத்துப் புதினாவைக் கட்டாகக் கொண்டுவந்து நம் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். வேண்டாம் என்றால், "கெடக்கட்டும் சார், ஆடு துன்றத நீங்க துன்னா என்ன" என்பான். அவன் வாய்த்துடுக்குக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

பிரஸ் எப்படி ஓடும் என்று உனக்குச் சொன்னதில்லை. இரண்டு பச்சைப் பட்டன் இருக்கும், ஒரு முழம் தள்ளித் தள்ளி. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் எடை இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள், அதாவது வெட்டும் அச்சுக்குள், கை இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி அமுக்கியே வைத்துவிடுவது. ஒரு கையால் தகட்டைத் தள்ள, ஒரு கையால் பட்டனை அமுக்க, வேலை ஓடும். எல்லா லைனிலும் இதுதான் நடைமுறை. எல்லா சூப்பர்வைசருக்கும் தெரியும், எல்லா மேனேஜருக்கும் தெரியும். பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆடிட். காலையில் வந்ததும் மேனேஜர் ஒரு பக்கெட்டோடு ஆளை அனுப்பி எல்லாப் பிரஸ்ஸிலிருந்தும் மரச்சில்லை வாரிக்கொண்டு போகச் சொன்னார். வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், பதினோரு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் லைன் நானூறு பீஸ் பின்தங்கியிருந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டி, "எப்படியாவது ஷிஃப்டுக்குள்ள முடிச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "எப்படியாவது"க்கு என்ன அர்த்தம் என்று பதினேழு வருஷ சர்வீஸில் எனக்குத் தெரியாதா? முனிராஜ் சொன்னான், "சார், கட்டைய எல்லாம் வாரிக்கினு பூட்டாங்க. ரெண்டு கையிலயும் அமுக்கிக்கினு ஓட்டுனா நாளைக்குத்தான் ஆவும். இன்னிக்கி இப்பிடியே வுட்ருங்க சார்." அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், மீனா. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். நான்தான் செருகுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன். அன்று காலை மஞ்சுநாத் கொடுத்த ஐந்தாம் பாகம் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. கெட்டி அட்டை. பின் அட்டையில் கதை இல்லையே என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், வார்த்தைகூட மாறவில்லை. அட்டையைக் கிழித்து, எட்டாக மடித்து, பட்டனுக்கும் அதைச் சுற்றியிருந்த வளையத்துக்கும் நடுவில் என் கட்டைவிரலாலேயே அழுத்திச் செருகினேன். "ஓட்டு" என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவன் வலது கையில் மூன்று விரல் போயிற்று. தகடு ஒன்று கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யக் கை உள்ளே போன நேரத்தில் இடது கை பட்டனில் பட்டுவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். அவனுக்கு அருகில் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். அங்கே நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பட்டனிலிருந்து அட்டையைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டதுதான். அதற்கு அப்புறம்தான் அவன் கையைப் பிடித்தேன். இந்த வரிசையை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. அந்த இரண்டு விநாடியும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனிடம் வாக்குமூலம் வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். தமிழில் என் கையெழுத்தில்தான் எழுதினேன், என்ன எழுத வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். விபத்து நடந்த நேரம், இடம், சிகிச்சை, எல்லாம் சரியாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: "பாதுகாப்புப் பட்டனை யாருடைய அறிவுறுத்தலும் இன்றி நானே அடைத்து வைத்து இயந்திரத்தை இயக்கினேன்." கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கண்ணை அடுத்த வரிக்கு நகர்த்தினேன், குரல் கொஞ்சமும் தடுக்கவில்லை. வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் இடது பெருவிரலில் மை தடவி வைத்தான். "நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்றான். அந்த ஒரு வரியைக் காட்டி இரண்டு மாதத்தில் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். போச்சம்பள்ளியில், சூளகிரியில், எங்கே போய் வேலை கேட்டாலும் முந்தின கம்பெனியில் விசாரிப்பார்களே. தானே பட்டனை அடைத்துக் கையை விட்டவன் என்று பதில் போகும். அதோடு முடிந்தது.

உன்னிடம் செய்ததும் இருக்கிறது. விபத்து நடந்த அன்று மாலை புத்தகத்தைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, "பின்னாடி அட்டை எங்கப்பா?" என்றாய். "கடையிலேயே அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். நீ கிழிந்த இடத்தை விரலால் தடவினாய். கிழிசல் புதுசு, வெள்ளையாக இருந்திருக்கும். அம்மா அன்று சட்டையை ஊறப்போடும் முன் உன்னைத்தான் பை பார்க்கச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் துண்டைத் தேடினேன், காணவில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் என்று நிம்மதிகூடப் பட்டேன். ஒரு வாரம் கழித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே, "அப்பா, பிரஸ்ல பட்டன் எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "கதப் புஸ்தகம் படிச்சுப் படிச்சு வீட்டுக்குள்ளயே போலீஸ் வேலையா? ப்ளஸ் டூ படிக்கப்போற புள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அன்றைக்கே ஐந்தையும் கட்டிப் பரணில் ஏற்றினேன். நீ தடுக்கவில்லை, அழவும் இல்லை. கயிற்றின் முடிச்சைக் கடைசியில் நீதான் விரல் வைத்துப் பிடித்துக்கொடுத்தாய். அதற்குள் அந்தத் துண்டை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறாய் என்பது இப்போதல்லவா தெரிகிறது.

அதற்குப் பிறகு நீ கோயம்புத்தூர் காலேஜ், ஹாஸ்டல், சென்னை வேலை. லீவுக்கு வந்தாலும் நான் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாய். மகள் பெரியவளாகிவிட்டாள், அப்பாவோடு என்ன பேச்சு என்று ஊரில் சொல்வதைப்போலவே நானும் சொல்லிக்கொண்டேன். அம்மா கேட்டால் அவளிடமும் அதையே சொன்னேன்.

வெள்ளையடித்த அன்று மாலையிலிருந்து அந்தப் புத்தகங்களை நான் படிக்க ஆரம்பித்தேன். டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில், போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். நாலு வழிச் சாலை போடுகிறேன் என்று வழியெல்லாம் தோண்டிப் போட்டிருப்பதால் இன்னும் அதிக நேரம் கிடைத்தது. பக்கத்தில் உட்காரும் பையன்கள், "என்ன சார், ரிட்டையர் ஆவற வயசுல இங்கிலீஷ் பரீச்சையா?" என்று கிண்டல் செய்தார்கள். நாற்பது நாளில் ஐந்தையும் முடித்தேன். உன் பென்சில் குறிகள் ஓரத்தில் இருந்தன. யார் பொய் சொல்கிறார்களோ அங்கே ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறாய், பெரும்பாலும் சரியாகவே வைத்திருக்கிறாய். ஐந்தாம் பாகத்தில் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு புள்ளியும் இல்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தக் குமாஸ்தா யாருக்காவது வாசித்துக் காட்டும் இடம் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். கதை சொல்லும்போது நீ அதை விளக்கமாகச் சொன்னாயே, நான் சக்கரத்தைத் துடைத்தேனே என்று இருக்கும். நான் அந்தக் கதைகளில் வருகிற ஆள்தான். குமாஸ்தா இல்லை, வண்டிக்காரனும் இல்லை. கோட்டும் தொப்பியுமாக மரியாதையாக வந்து உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் பொய் எழுதுகிற ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போனேன். மழைத் தூறல், பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் சேற்றில் நடை. முனிராஜ் தோட்டத்தில் புதினாக் கட்டு கட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் கட்டி, பல்லால் நாரை இழுத்து முடிச்சுப் போடுகிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், என்ன இவ்ளோ தூரம், சேறு வேற" என்றான். அவன் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையை, பையை, விட்டுப்போன அந்த வரியை. அவன் கட்டு கட்டுவதை நிறுத்தவே இல்லை. நான் முடித்ததும், "தெரியும் சார்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"பாப்பா அப்பவே வந்துச்சே. ஸ்கூல் துணியோட, ஒண்டியா, பஸ் ஏறி வந்துச்சு. அண்ணா, உன்கிட்ட காயிதம் ஏதாச்சும் குடுத்தாங்களான்னு கேட்டுச்சு. நான் வெரலு வெச்ச காயிதத்தோட காப்பிய பொட்டியில இருந்து எடுத்துக் குடுத்தேன். தோ, அந்தக் கல்லு மேல குந்திக்கினு பூராத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டுச்சு சார். நடுவுல ஒரு எடத்துல நிறுத்துச்சு. தண்ணி குடுன்னு கேட்டுச்சு. குடிச்சுட்டு அந்த வரியையும் படிச்சுச்சு."

உன் பதினாறு வயதில், என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, நீ அங்கே போய் நான் விட்ட வரியை வாசித்துவிட்டு வந்திருக்கிறாய். அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முனிராஜ் தொடர்ந்தான். "கலெக்டர் ஆபீசுக்குப் போலாம் வா அண்ணான்னு கூப்புட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். உங்கப்பா வேல போயிட்டா நீ எப்பிடிப் படிப்ப? என் வெரலு வரவா போவுதுன்னு சொன்னேன். கேக்கல, ஒரே அழுவ. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினுதான் பஸ் ஏத்தி வுட்டேன் சார்." அவன் மனைவி தெலுங்கில் அவனிடம் ஏதோ கடுமையாகச் சொன்னாள். என்ன என்று கேட்டேன். "சத்தியம் வாங்காம இருந்திருக்கணும்னு இன்னிக்கி வரைக்கும் திட்டறா சார்" என்றான்.

நீ என்னை வெறுக்கிறாய் என்று நினைத்திருந்தேன், மீனா. வெறுத்திருக்கலாம், அது உன் பாடு, உன் உரிமை. ஆனால் அந்த மௌனத்தில் பாதி அவனுக்குக் கொடுத்த வாக்கு என்பது எனக்குத் தெரியாது. அவன் எனக்காக வாயை மூடினான், நீ அவனுக்காக மூடினாய், நான் எனக்காக மூடினேன். மூன்று பேரில் என்னுடையது மட்டும்தான் அசிங்கம். நீ காலேஜ் முடித்ததும் வேலைக்குப் போனதும் அவன் விட்டுக்கொடுத்ததில் நடந்தது. பட்டமளிப்பு விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான்.

நீ ஒரு வீட்டுக்குப் போகப்போகிறாய். அப்பாக்கள் இந்த நேரத்தில் புத்தி சொல்வார்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தெரிந்தும் ஒன்று சொல்கிறேன். நம் வீட்டில் சண்டை வரக்கூடாது என்பதற்காக எல்லோரும் பேசாமல் இருந்து பழகிவிட்டோம். அம்மாவுக்கும் ஏதோ இருக்கிறது என்று தெரியும், கேட்டால் நான் கத்துவேன் என்று கேட்கவில்லை. உன் வீட்டில் அப்படி வேண்டாம். உன் புருஷன் ஒரு கேள்விக்குக் கத்தினால், அந்தக் கேள்வியை மறுநாள் திரும்பக் கேள். பதில் கிடைக்கும் வரை கேள். இட்லித் தட்டுக்கு முன்னால் நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்று சில நாள் தோன்றும். உடனே, பதினாறு வயதுப் பிள்ளைமேலேயே பழியைப் போடுகிறாயே என்று என்மேல் எனக்கே எரிச்சல் வரும். பார், இன்னமும் வேலைக்காரனைத்தான் பிடிக்கிறேன்.

அன்று தோட்டத்தில் முனிராஜிடம், "உனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துர முடியுமா சார்? வேல வேணாம், இனிமே யாரு குடுப்பா. என் மச்சான்கூட, குடிச்சா, தானே கைய வுட்ட மடையன்னு ஏசறான். அது இல்லன்னு ஒரு காயிதத்துல இருந்தா போதும்" என்றான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு அவன் பெயரில் மனு, அதோடு என் வாக்குமூலம். அட்டையைக் கிழித்தது, செருகியது, பையில் போட்டது, ஒரு வரியை விட்டு வாசித்தது, எல்லாம் இருக்கிறது. அந்த அட்டைத் துண்டையும் உன் பென்சில் எழுத்தோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறேன். இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். நான் ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கிறது. சஸ்பெண்ட் செய்வார்கள், விசாரணை வைப்பார்கள், பேப்பரில்கூட வரலாம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்படி யாராவது பேசுவார்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதுமே தெரிந்துவிட்டது, "அப்புறம்" என்று வைத்தால் நான் கொடுக்கவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முன்னாலேயே கொடுக்க நினைக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ முதலில் சொல்ல விரும்பினால் சொல். நான் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன். பந்தலில் நான் நிற்க வேண்டாம் என்று நீ நினைத்தால் அதையும் எழுது, அம்மா பக்கத்தில் உன் சித்தப்பா நிற்கட்டும்.

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மனுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் பேரிகை போனேன். அவன் கைரேகை இல்லாமல் அது செல்லாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து, விரலை ஒவ்வொரு வரிக்கு அடியிலும் வைத்து வாசித்தேன். ஒரு புள்ளி விடவில்லை. முடித்துவிட்டு மைப் பெட்டியைத் திறந்து வைத்தேன். முனிராஜ் இடது கையைத் துண்டில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மைப் பெட்டியை அவனே மூடினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றான். "பாப்பா வந்து ஒருதரம் படிச்சுக் காட்டிறட்டும். அப்புறமா வெரலு வெக்கறேன்."

மனு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்று எழுது. காலை பஸ்ஸுக்கே பேரிகை போய்விடலாம்.

அப்பா